வயித்துல புளி... கையில யார்க்கர்!

ஆறு பந்து. எட்டு ரன். அவ்வளவுதான் மேட்டர்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்க காலேஜ் டிபார்ட்மென்ட் லீக் ஃபைனல். நாங்க மெக்கானிக்கல். எதிரே சிவில். எங்க டீமில் ஒழுங்காகப் பந்து போடத் தெரிஞ்ச எல்லோருடைய ஓவரும் தீர்ந்துபோச்சு. கேப்டன் கிரவுண்டைச் சுத்தி ஒரு லுக் விட்டான். அந்த லுக் கடைசியா வந்து நின்ன இடம்... நான்! 'மாப்ள, நீதான்டா போடணும்' என்று பந்தைக் கையில் திணித்துவிட்டு அவன்பாட்டுக்கு லாங்-ஆனுக்கு ஓடிப்போயிட்டான்.

சத்தியமா சொல்றேன் மக்களே, பிராக்டீஸில் நான் அவ்வளவு மோசம் கிடையாது. ஆனால் அந்த நிமிஷம், வயித்துக்குள்ள யாரோ ஒரு கிலோ புளியை மொத்தமா கரைச்ச மாதிரி இருந்தது. உள்ளங்கை ஈரம். வாய் வறட்சி. பவுண்டரி லைனைச் சுத்தி ஃபர்ஸ்ட் இயர்லேருந்து ஃபைனல் இயர் வரைக்கும் ஒரே கூட்டம். ஓடி வந்தேன். முதல் பந்து வைடு. ரெண்டாவதும் வைடு. 'இது மட்டும் ஒழுங்கா விழுந்துடணும் சாமி' என்று ஊர் மாரியம்மனை வேண்டிக்கிட்டுப் போட்டேன். முழங்கால் உசரத்துக்கு அழகா ஒரு ஃபுல்டாஸ். பவுண்டரி! அடுத்த பந்து பாதி பிட்ச்சிலேயே குத்தி எழும்பி, 'வா ராசா, வந்து அடி' என்று சிவில்காரனை வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சது. அவனும் மரியாதையா அடிச்சுட்டான். மேட்ச் க்ளோஸ். இன்னும் நாலு பந்து மிச்சம்!

அன்னையிலிருந்து ஹாஸ்டலில் என் பேரு 'எக்ஸ்ட்ராஸ்'. மெஸ் அண்ணன்கூட 'எக்ஸ்ட்ராஸ் தம்பிக்கு ஒரு சப்பாத்தி எக்ஸ்ட்ரா' என்று சிரிக்கிறார். மானம் போச்சு!

அன்னைக்கு நைட் தூக்கமே வரலை. ரூம்மேட் சும்மா இருக்கக் கூடாதா? ஆறுதல் சொல்றேன் பேர்வழின்னு போனில் ஒரு பழைய மேட்ச்சைப் போட்டுக் காட்டினான். 2021 மார்ச் 28, புனே. இந்தியா - இங்கிலாந்து மூணாவது ஒன் டே. தொடர் 1-1. இதில் ஜெயிச்சவனுக்குக் கப். கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 14 ரன் தேவை. கிரீஸில் நிக்கிறது சாம் கரன். கிட்டத்தட்டத் தோத்துப்போன மேட்ச்சை ஒத்தை ஆளா இழுத்துட்டு வந்து, செஞ்சுரிக்குப் பக்கத்தில் நிக்கிறார். பந்து யார் கையில்? நம்ம சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் கையில்!

ஆறு பந்து. கொடுத்தது ஆறே ரன். அந்த ஆறு ரன்னும் சும்மா வரலை; முதல் பந்திலேயே ஒரு ரன் அவுட் வேற விழுந்தது. கரன் 95-ல் நாட் அவுட்டாக நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயிச்சது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அவருக்கும் ஆறு பந்து, எனக்கும் ஆறு பந்து. அவருக்கு முன்னாடி ஒரு நாடே உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தது. எனக்கு முன்னாடி இருந்தது 300 பேர். அப்புறம் ஏன் அவர் கை யார்க்கர் போட்டது, என் கை வைடு போட்டது? அவருக்குப் பயமே கிடையாதா?

இந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு லைப்ரரி, நெட், பழைய பேட்டிகள் என்று ஒரு மாசம் சுத்தினதன் விளைவுதான் இந்த வாரக் கட்டுரை. இன்டர்னல் டெஸ்ட்டுக்குக்கூட நான் இப்படிப் படிச்சதில்லைங்க!

புளி கரையுறது ஏன்?

முதல்ல, இந்த 'வயித்துல புளி' மேட்டரைப் பார்த்துடுவோம். பயம் வந்ததும் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையை ஆரம்பிக்குது. ரத்தத்தில் அட்ரினலின் இறங்குது. இதயம் வேகமா அடிக்குது. மூச்சு வேகமாகுது. ஜீரண வேலையை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓரங்கட்டிவிட்டு, வயித்துப் பக்கம் போற ரத்தத்தைக் கை, கால் தசைகளுக்குத் திருப்பி விடுது உடம்பு. அதனால்தான் வயித்தில் அந்தக் கலக்கம். எச்சில் சுரக்கிறது குறையுது. அதனால் வாய் வறட்சி. கண்மணி விரியுது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஓடணும், தாவணும், எறியணும் என்றால் உடம்புக்கு வேற என்ன வேணும்? இதே சமாச்சாரம்தான் வேணும்! ஒரு ஸ்பிரின்டர் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் குனியும்போதும், நாம வைவாவுக்கு வெளியே பெஞ்சில் நகம் கடிக்கும்போதும் உடம்புக்குள்ள நடக்கிறது கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டும் ஒரே பெட்ரோல். ஒருத்தர் வண்டி ஓட்டறார், இன்னொருத்தர் அதைத் தரையில் கொட்டித் தீ வெச்சுக்கறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கூடைப்பந்து உலகத்தில் பில் ரஸ்ஸல் என்று ஒரு ஜாம்பவான். அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் டீமுக்காக 13 சீசன் ஆடி 11 முறை சாம்பியன் ஆனவர். அவ்வளவு உயரமா இருந்த அந்த மனுஷன் பெரிய மேட்ச்சுக்கு முன்னாடி பதற்றத்தில் வாந்தி எடுப்பார். பாத்ரூமிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் டீம் ஆட்கள் கவலைப்பட மாட்டார்களாம், 'அப்பாடா, இன்னைக்கு நாமதான்' என்று சந்தோஷப்படுவார்களாம்! பதினோரு கப் ஜெயிச்சும் அந்தப் பதற்றம் போகலை. அது போகாததும் ஒரு காரணமோ என்னவோ!

மெஸ் கரப்பான் சொன்ன ரகசியம்

இப்ப மெயின் பாயின்ட்டுக்கு வருவோம். ஒரே பயம் ஒருத்தரைத் தூக்கி விடுது, இன்னொருத்தரைக் கவுத்து விடுது. ஏன்?

மெக்கானிக்கல் பையன் என்பதால் எனக்குப் புரிஞ்ச பாஷையில் சொல்றேன். இன்ஜினின் டார்க் கர்வ் பார்த்திருப்பீங்க. ஆர்பிஎம் ரொம்பக் கம்மியா இருந்தால் வண்டி திணறும். ஏற ஏற இழுவை கூடும். ஒரு அளவுக்கு மேல போனால் சத்தம்தான் ஜாஸ்தியாகும், இழுவை இறங்கிடும். 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்று ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குச் சின்னச் சின்ன ஷாக் கொடுத்துப் பாடம் கத்துக் கொடுத்தார்கள். எந்தப் பெட்டிக்குள் போகணும், எதுக்குள் போகக் கூடாது என்பதுதான் பாடம். பாடம் கஷ்டமாக இருந்தபோது, ரொம்ப லேசான ஷாக்கிலும் எலி மெதுவாகத்தான் கத்துக்கிட்டது; ரொம்பப் பலமான ஷாக்கிலும் சொதப்பிடுச்சு. நடுவில் இருந்த அளவுதான் பெஸ்ட். ஆனால் பாடம் சுலபமாக இருந்தபோது? ஷாக் கூடக் கூட எலி வேகமாகக் கத்துக்கிட்டது!

அடுத்த ஆராய்ச்சி இன்னும் டாப்பு. 1969-ல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் கரப்பான்பூச்சிக்கு ரேஸ் வெச்சாங்க. நிஜமாத்தான்! கரப்பானுக்கு வெளிச்சம் என்றால் அலர்ஜி. லைட்டைப் போட்டால் இருட்டைத் தேடி ஓடும். (நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரி பத்து மணிக்கு லைட்டைப் போட்டுப் பாருங்க, லைவ் டெமோ கிடைக்கும்.) ஒரு டிராக் நேர் பாதை. இன்னொண்ணு திருப்பம் உள்ள புதிர்ப் பாதை. இதில்தான் ட்விஸ்ட்: டிராக் ஓரமா கண்ணாடி மாதிரி பெட்டிகள் வெச்சு, அதுக்குள்ள மத்த கரப்பான்களைப் பார்வையாளரா உட்கார வெச்சாங்க!

ரிசல்ட்? நேர் பாதையில் ஓடின கரப்பான், கூட்டம் இருந்தபோது இன்னும் வேகமா ஓடிச்சு. புதிர்ப் பாதையில் ஓடின கரப்பான், கூட்டம் இருந்தபோது தனியா இருந்ததை விட மெதுவாத்தான் வந்து சேர்ந்தது.

இதைப் படிச்சதும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்துக்கிட்டு நான் தலையில் அடிச்சுக்கிட்டேன். ஏன்னா கதை முழுசாப் புரிஞ்சுபோச்சு. பயமும் கூட்டமும் புதுசா எதையும் நமக்குச் சொல்லித் தராது. ஏற்கனவே நம்ம கிட்ட என்ன இருக்கோ, அதைச் சவுண்டு கூட்டி வாசிக்கும். கைக்கு யார்க்கர் பழகியிருந்தால் அதைவிட நல்ல யார்க்கர் வரும். கைக்கு எதுவுமே பழகலைன்னா, அந்த 'எதுவுமே இல்லாதது' ஸ்பீக்கர் வெச்சு ஊருக்கே கேட்கும். எனக்குக் கேட்டது!

சின்னப்பம்பட்டியின் நேர் பாதை

இப்போ மறுபடி நடராஜனைப் பாருங்க. அப்பா தறி வேலை, அம்மா ரோட்டோரக் கடை என்று இருந்த குடும்பம். இருபது வயசு வரைக்கும் அவர் ஆடினது ஊர்க் கிரவுண்டில் டென்னிஸ் பால் கிரிக்கெட். டென்னிஸ் பால் ஆடினவங்களுக்குத் தெரியும், அதில் பெரிசா ஸ்விங்கும் கிடையாது, சீமும் கிடையாது. பேட்ஸ்மேனைக் கட்டிப்போட ஒரே வழி, கால் கட்டை விரலில் குத்தறதுதான். வருஷக் கணக்கா அவர் கை அந்த ஒரே பாதையில் ஓடியிருக்கு.

அதுக்காக அவர் பயணம் ஹைவேயில் போன மாதிரின்னு நினைச்சுடாதீங்க. 2014-15 சீசனில்தான் ரஞ்சியில் முதல் மேட்ச். அதிலேயே 'பந்து வீசற ஆக்‌ஷன் சந்தேகமா இருக்கு' என்று ரிப்போர்ட் ஆகிடுச்சு. சின்ன வயசிலிருந்து போட்டு வந்த ஆக்‌ஷனை மாத்தி, முதல்லேருந்து கத்துக்கணும். நமக்கு ஒரு அரியர் விழுந்தாலே 'இன்ஜினீயரிங்கே வேண்டாம்டா' என்று தோணுது. அவர் மாத்திக் காட்டினார்.

2017 ஐபிஎல் ஏலம். அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் டீம் எடுத்தது 3 கோடிக்கு! ஊரே கொண்டாடிச்சு. ஆனால் அந்த விலையே பெரிய பாரமா இருந்துச்சு என்று பின்னாடி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கார். அந்த சீசனில் 6 மேட்ச், 2 விக்கெட். அடுத்து ஹைதராபாத் டீம் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 ரெண்டு சீசனும் ஒரு மேட்ச்கூட ஆட வாய்ப்பில்லை. பெஞ்ச்தான்.

இதைக் கவனிங்க. 2017-ல் இருந்த அதே ஆள், அதே யார்க்கர்தான் 2020-லும். நடுவில் நடந்தது ரெண்டு வருஷ நெட் பிராக்டீஸ், அந்தச் சூழ்நிலை பழகினது, தன் கையில் இருக்கிற ஒரு அஸ்திரம் எது என்று தெளிவானது. 2020 ஐபிஎல்லில் 16 விக்கெட். எலிமினேட்டரில் டிவில்லியர்ஸ் ஸ்டம்ப்பைச் சாய்ச்ச அந்த யார்க்கர், இன்னைக்கும் நம்ம பசங்க போனில் ஸ்டேட்டஸா சுத்துது. அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராகப் போனவர், டிசம்பர் 2-ம் தேதி ஒன் டே, 4-ம் தேதி டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே டூரில் மூணு ஃபார்மட்டிலும் அறிமுகம் ஆனார். அதுக்கு முன்னாடி எந்த இந்தியரும் இதைச் செஞ்சதில்லை. அந்த பிரிஸ்பேன் இன்னிங்ஸில் 3 விக்கெட்.

ஆக, புனேயில் சாம் கரன் முன்னாடி நின்ன அந்த நாளில் அவர் இதயம் சும்மா இருந்திருக்காது. யாருக்கும் இருக்காது. ஆனால் அது அடிச்ச அடியெல்லாம், நல்லாப் பழகின ஒரே ஒரு பாதைக்குள்ள போச்சு. எனக்கோ, ஓடி வரும்போதே மண்டைக்குள்ள ஆறு பாதை. 'ஸ்லோ போடலாமா? பவுன்சரா? வெளியே போடலாமா?' புதிர்ப் பாதைக் கரப்பான்!

மூணாவது சான்ஸ்

அதே சேலம் மாவட்டத்தில், பெரியவடகம்பட்டியில் இன்னொருத்தர். மாரியப்பன் தங்கவேலு. அஞ்சு வயசில் ஸ்கூல் போற வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 தாண்டி வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். மூணு பாராலிம்பிக், மூணு மெடல்.

உயரம் தாண்டுதல் ஒரு விசித்திரமான விளையாட்டுங்க. ஒவ்வொரு உயரத்துக்கும் மூணு சான்ஸ். தொடர்ச்சியா மூணு தடவை கம்பியைத் தட்டினால் அவுட். தங்கம் வாங்கினவரே பெரும்பாலும் அடுத்த உயரத்தில் மூணு முறை தட்டிட்டுத்தான் வெளியே வருவார். அதாவது, தோல்வியில்தான் முடியும் என்று தெரிஞ்சே ஆரம்பிக்கிற போட்டி! டோக்கியோவில் மழை வேற. காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைஞ்சு தொல்லை கொடுத்ததா மாரியப்பன் சொன்னார். 1.88-க்குக் கம்பியை ஏத்தினாங்க. அமெரிக்காவின் சாம் க்ரூவுக்கும் இவருக்கும்தான் போட்டி. மாரியப்பனால் தாண்ட முடியலை. க்ரூ தாண்டினார், எப்போ தெரியுமா? தன்னோட மூணாவது, கடைசி சான்ஸில்!

அந்த மூணாவது ஓட்டத்துக்கு முன்னாடி இருக்கிற பத்து நொடியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. அதைத் தவிர்க்க வழியே இல்லை. மெடல் வேணும்னா அதுக்குள்ள புகுந்துதான் வரணும். மாரியப்பன் மறுபடியும் அதே பத்து நொடிக்குள்ள போகத் தயாரா பாரிஸுக்குப் போனார் பாருங்க, எனக்கு அந்த வெண்கலம் தங்கத்தை விடப் பெரிசாத் தெரியுது.

கம்பமும் கிணறும்

பயத்தைத் தேடிப் போய் பிராக்டீஸ் பண்ணினவரும் உண்டு. அபினவ் பிந்த்ரா. 2008 பீஜிங் ஒலிம்பிக்குக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஜெர்மனியில் 40 அடி உயரக் கம்பத்தில் ஏறினார். பாதுகாப்புக் கயிறு உண்டு. ஆனாலும் உச்சியில் நிக்க ஒரு பீட்சா அளவுக்குத்தான் இடம். ஒரு துப்பாக்கி சுடும் வீரர் ஏன் கம்பம் ஏறணும்? கை நடுங்கும்போதும் செய்ய வேண்டியதைச் செய்யப் பழகறதுக்கு! பாதியில் இறங்கிடலாமா என்று தோணினதாம். ஃபைனலில் பாதியில் இறங்க முடியாதே என்று மேலே போனாராம்.

ஆகஸ்ட் 11, 2008. ஃபைனலில் கடைசி ஒரு ஷாட் மிச்சம். பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சம புள்ளி. ஹாக்கினன் சுட்டது 9.7. வெண்கலத்துக்கு இறங்கிட்டார். பிந்த்ரா சுட்டது 10.8. கிட்டத்தட்ட நடுப்புள்ளி! இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம்.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க அப்புச்சி ஞாபகம் வந்தது. பவானிப் பக்கம் எங்க தோட்டத்தில் கிணறு. ஏழு வயசில் என் முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி (அவர் காலத்தில் சுரைக்குடுவையாம்) மோட்டார் ரூம் மேலே நிக்க வெச்சார். கீழே பச்சையா தண்ணி. எனக்குத் தொடை ரெண்டும் தந்தி அடிக்குது.

'ஏங்கண்ணு, பயமா இருக்குதா?'

'ஆமாங்க அப்புச்சி... பயம் போனதுக்கப்புறம் குதிச்சுக்கறனுங்க.'

அவர் சிரிச்சார். 'அது போகாது சாமி. பயத்தோடவே குதி. பயம் இருக்கறவன்தான் தண்ணிக்குள்ள கையைக் காலை ஆட்டுவான். இல்லாதவன் சும்மா முழுகிப் போவான்.'

யெர்க்ஸ், டாட்சன், சயான்ஸ் எல்லாம் அப்புறம்தாங்க. எங்க அப்புச்சிதான் ஃபர்ஸ்ட்டு!

எல்லாப் பயமும் பெட்ரோல் இல்லை

இங்கே ஒரு சிவப்பு லைட் போட்டே ஆகணும். 'பயம் நல்லது' என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததா யாரும் எடுத்துக்காதீங்க.

நம்ம கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனை எல்லோருக்கும் தெரியும். ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ் ரேசில் அவர் நாலாவது வந்து 5 பாயின்ட் வாங்கினார். ஆனால் அன்னைக்கு நடந்தது முழுசா என்ன? வெள்ளிக்கிழமை பிராக்டீஸில் ரால்ஃப் ஷூமாக்கர் கார் டயர் கோளாறால் பதிமூணாவது வளைவில் சுவரில் மோதிச்சு. 'எங்க டயர் இந்த வளைவை பத்து லாப்புக்கு மேல் தாங்கும் என்று உத்தரவாதம் தர முடியாது' என்று மிஷலின் கம்பெனியே சொல்லிடுச்சு. ரேஸ் அன்னைக்கு அந்த டயர் போட்ட 14 கார்களும் வார்ம்-அப் சுத்து முடிச்சு நேரா உள்ளே திரும்பிடுச்சு. ரசிகர்கள் பாட்டிலை வீசினாங்க. மீதி 6 கார் மட்டும் ஓடிச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட நரேன் கார் உட்பட.

திரும்பிப் போன அந்த 14 பேரும் கோழையா? இல்லவே இல்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அது உண்மையைச் சொன்ன பயம். நரேனும் பயம் பார்க்காத ஆள் இல்லை. அதே வருஷம் அக்டோபரில் சீனாவின் ஷாங்காயில் அவர் கார் சுவரில் மோதிச் சிதறிச்சு. 2007 டிசம்பரில் அதே சீனாவில், ஜுஹாய் டிராக்கில், ஏ1 ஜிபி ரேசில் இந்தியாவுக்கு முதல் வெற்றி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்!

ஜிம்னாஸ்டிக்ஸ் ராணி சிமோன் பைல்ஸும் அப்படித்தான். 2021 டோக்கியோ ஒலிம்பிக் டீம் ஃபைனலில் ஒரே ஒரு வால்ட்டோடு விலகினார். காத்தில் சுழலும்போது எது மேலே, எது கீழே என்றே தெரியாமல் போற நிலை. அந்த நிலையில் குதிச்சால் கழுத்து போகும். 'பயந்துட்டா' என்று பேசினவங்க பேசினாங்க. மூணு வருஷம் கழிச்சுப் பாரிஸில் 3 தங்கம், 1 வெள்ளி!

பயம் சில சமயம் 'ஓடு' என்று சொல்லும், சில சமயம் 'நில்லு' என்று சொல்லும். எது என்று கேட்டுப் பார்க்கிறவன்தான் கெட்டிக்காரன். மேட்ச்சுக்கும் எக்ஸாமுக்கும் முன்னாடி ஒரு மணி நேரம் வந்துட்டு, முடிஞ்சதும் போயிடற பயம் நம்ம ஃப்ரெண்டு. வாரக் கணக்கா தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை, ரூமை விட்டு வெளியே வரவே பிடிக்கலை என்றால் அது ஃப்ரெண்டு இல்லை மக்களே. அதை 'மோட்டிவேஷன்' என்று கொண்டாடாதீங்க. பக்கத்து பெட் நண்பனிடமாவது வாயைத் திறங்க. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்நேரமும் கூப்பிடலாம். கூப்பிடறது வைடு இல்லை, நல்ல பந்துதான்!

எக்ஸ்ட்ராஸ் தரும் எக்ஸ்ட்ரா டிப்ஸ்

* ஒரே ஒரு அஸ்திரம்: டென்ஷனில் எதைச் செய்யணும் என்று அன்னைக்குக் காலையில் முடிவு பண்ணாதீங்க. ஒரு மாசம் முன்னாடியே முடிவு பண்ணி, அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்க. பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்ற கேள்விக்கும் இதே ரூல்தான்.

* கரப்பான் கேலரி: தனியா மட்டும் பிராக்டீஸ் பண்ணாதீங்க. நாலு பேரை உட்கார வெச்சுக் கலாய்க்கச் சொல்லுங்க. இதுக்கு மட்டும் நம்ம ஹாஸ்டலில் ஆள் பஞ்சமே வராது!

* 'டென்ஷனா இருக்கு' வேண்டாம்: ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. மேடையேறிப் பாடறதுக்கு முன்னாடி 'எனக்குப் பதற்றமா இருக்கு' என்று சொன்னவங்களை விட, 'எனக்கு உற்சாகமா இருக்கு' என்று வாய் விட்டுச் சொன்னவங்க நல்லாப் பாடினாங்க. உடம்பு அதேதான். பேரை மட்டும் மாத்தினாங்க.

மறுபடியும் ஆறு பந்து

அப்புறம் என் கதை? சொல்லாமல் விட்டால் நீங்க தூங்க மாட்டீங்களே!

தினமும் காலையில் அஞ்சரை மணி. ரூம்மேட் செருப்பு ரெண்டையும் கிரீஸில் வெச்சு, அறுபது பந்து. முதல் வாரம் அறுபதில் ஏழுதான் செருப்பில் பட்டது. நாலாவது வாரம் இருபதைத் தாண்டிச்சு. செருப்பு பிஞ்சுபோச்சு, அவன் என்கூடப் பேசறதை நிறுத்திட்டான், அது தனிக் கதை. சாயங்காலம் ஜூனியர் பசங்க நாலு பேரை நிக்க வெச்சு 'எக்ஸ்ட்ராஸ்! எக்ஸ்ட்ராஸ்!' என்று கத்த விட்டேன். ஆளுக்கொரு டீயும் பஜ்ஜியும் செலவு.

போன ஞாயித்துக்கிழமை அதே சிவிலோடு ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச். கடைசி ஓவர், 9 ரன். இந்தத் தடவை கேப்டன் என்னைப் பார்க்கலை. நானே போய்க் கையை நீட்டினேன். அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே!

வயித்தில் புளி கரைஞ்சதா? அதே ஒரு கிலோ. உள்ளங்கை ஈரமா? அதே ஈரம். ஆனால் மண்டைக்குள்ள ஆறு பாதை இல்லை. ஒரே பாதை, அதோட முடிவில் ரெண்டு செருப்பு.

ஒண்ணு. ஒண்ணு. டாட். ரெண்டு. ஒண்ணு. கடைசிப் பந்தில் நாலு ரன் வேணும். போட்டேன். யார்க்கர்தான், சத்தியமா யார்க்கர். பேட்டோட உள் விளிம்பில் பட்டு, கீப்பர் காலுக்கு நடுவில் புகுந்து, மெதுவா, ரொம்ப மெதுவா பவுண்டரியைத் தொட்டது.

தோத்துட்டோம். ஜெயிச்சோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு விஷயம்: ஆறு பந்து, ஒரு வைடுகூட இல்லை. திரும்பி நடக்கும்போது கேப்டன் தோளில் கை போட்டான். 'மாப்ள, அடுத்த மேட்ச்சும் கடைசி ஓவர் நீதான்டா.'

உடனே வயித்தில் மறுபடியும் புளி!

பயம் போனதுக்கப்புறம் குதிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால், நான் இன்னைக்கும் எங்க தோட்டத்து மோட்டார் ரூம் மேலேதான் உட்கார்ந்திருக்கணும். உங்களுக்கும் எங்கேயோ ஒரு கிணறு காத்துக்கிட்டு இருக்கும். குதிங்க பாஸ். கேன் கட்டிக்க மட்டும் மறந்துடாதீங்க!

அடுத்த வாரம் பார்ப்போமா?